ஒரே நாளில் விடச் சொன்னேன்

நான் முப்பத்து நான்கு வருடம் மருந்தாளராக இருந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் போன மாதம் ஒரு புதுச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளப் போனபோது கண்ணில் பட்டது. ஒரு சிகரெட், ஒரு பாட்டில், இரண்டுக்கும் குறுக்கே ஒரே சிவப்புக் கோடு. கீழே நான்கு வார்த்தை: 'இன்றே, இப்போதே, முழுவதுமாக விட்டுவிடுங்கள்.'

அன்று எனக்கு அழுத்தம் நூற்று அறுபத்து நான்கு. அதற்கு முந்தின வாரம் நூற்று முப்பத்தெட்டு. நர்ஸ் கவிதா, படி ஏறி வந்தீர்களா என்று கேட்டாள். படி இல்லை, அந்தப் போஸ்டர்தான் என்றேன்.

"நல்லதுதானே போட்டிருக்காங்க? அதுல என்னங்கய்யா தப்பு?"

"பாதி சரி."

"எந்தப் பாதிங்க?"

நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல அது. வெளியே இருபத்தேழு பேர் காத்திருந்தார்கள். அப்படியானால் எழுதிக் கொடுங்கள், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன் என்றாள். அதனால் எழுதுகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

கோயம்புத்தூரில் இரண்டு வருடப் படிப்பு, மேட்டுப்பாளையத்தில் ஒரு மருந்துக் கடையில் பதினோரு மாதம், பிறகு மலை. என் பயிற்சி அவ்வளவுதான். நடுவட்டத்துக்குக் கீழே மூன்று எஸ்டேட்டுகளுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. டாக்டர் செவ்வாய், வியாழன், சனி மட்டும் வருவார். மற்ற நாட்களில் நானும் ஒரு நர்ஸும். எஸ்டேட்டில் என்னைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

என் காலத்தில் நான்கு டாக்டர்கள் வந்து போனார்கள். இதில் வருகிறவர் மூன்றாமவர், டாக்டரம்மா வசந்தா. ஒல்லியான உடம்பு, குளிருக்கு ஆண்கள் போடுகிற மாதிரி சாம்பல் நிற ஸ்வெட்டர். நாடி பார்த்தால் முழு நிமிடம் பார்ப்பார். பதினைந்து விநாடி பார்த்து நான்கால் பெருக்குகிற வேலையே கிடையாது. நான் ஒருமுறை அப்படிப் பெருக்கிச் சொன்னபோது, "மீதி நாற்பத்தஞ்சு விநாடி அவர் இதயம் என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார். அன்றிலிருந்து நானும் முழு நிமிடம்.

குடிக்கிறவர்கள் வந்தால் அவர் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைப்பார். தாள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார். பிறகு கீழ் இமையை இழுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பார். வலது விலா எலும்புக்குக் கீழே அழுத்தி, ஈரல் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று என்னிடம் சொல்லுவார். உள்ளங்காலைப் பஞ்சால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். பல பேருக்குத் தெரியாது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் அரை மைல் நடந்து வந்தவர் ஒருவர் இருந்தார்.

கடைசியாக மூன்று கேள்வி. தினமும் எவ்வளவு? காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கிறதா? கடைசியாக எப்போது குடித்தீர்கள்? பதில் என்னவாக இருந்தாலும் அவர் முகம் மாறாது. ஒருநாள்கூட ஒருவரையும் திட்டியதில்லை. எனக்கு அது பொறுக்காது. ரத்த வாந்தி எடுத்து வந்தவனிடம்கூட நாலு வார்த்தை உறைப்பாகச் சொல்லாமல் அனுப்புகிறாரே என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

"நீங்க திட்டினா அடுத்த தடவை பொய் சொல்லுவார். பொய்யைக் கேட்டு நான் மருந்து கொடுத்தா ஆள் போயிடுவார்" என்றார்.

அது அவருடைய பலவீனம் என்று நான் நினைத்தேன்.

அந்த நாட்களில் நானும் சுத்தமான ஆள் இல்லை. நாளைக்கு இருபத்திரண்டு சிகரெட். மருந்து அறைக்குப் பின்னால் நின்று பிடிப்பேன். காலையில் எழுந்ததும் பதினைந்து நிமிட இருமல். ஆஸ்பத்திரியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை எண்பத்தாறு படிகள். நடுவில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன். மலைக் குளிர், தேயிலைத் தூசி என்று காரணம் சொல்லிக்கொள்வேன். ஒருநாள் டாக்டரம்மா என் தீப்பெட்டியையே வாங்கி ஒரு குச்சியைக் கிழித்தார். என் வாய்க்கு அரை அடி தூரத்தில் பிடித்து, உதட்டைக் குவிக்காமல் வாயை நன்றாகத் திறந்து ஊதி அணைக்கச் சொன்னார். ஊதினேன். சுடர் சாய்ந்துவிட்டு நிமிர்ந்தது. மறுபடி ஊதினேன். குச்சி அவர் விரல் வரை எரிந்தது. அதை உதறிப் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது.

அன்று மாலையே விட்டேன். பெட்டியில் பதினேழு மீதி இருந்தது. எல்லாவற்றையும் தண்ணீரில் ஊற வைத்துக் கொட்டினேன். மூன்று நாள் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். தூக்கம் இல்லை. கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் மாத்திரைப் பட்டைகளை எண்ணி எண்ணி அடுக்கினேன். ஆசை வரும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பேன். நான்கைந்து நிமிடத்தில் அது தணிந்துவிடும் என்று கண்டுபிடித்தேன். இரண்டு வாரத்தில் இருமல் குறைந்தது. ஐந்தாவது மாதம் எண்பத்தாறு படியையும் நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்று ஏறினேன். இதுவரை ஒன்றுகூடத் தொடவில்லை.

விட்டது நல்லது. அதிலிருந்து எனக்கு ஒரு திமிர் வந்ததுதான் கெட்டது. நான் ஒரே நாளில் விட்டேன், எவனும் விடலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். பீடிக்காரனிடம் சொன்னதையே பாட்டில்காரனிடமும் சொன்னேன். அந்தப் போஸ்டர் ஒட்டியவர்கள் மாதிரியே.

செல்வராஜ் எங்கள் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு போடுகிறவர். வயது நாற்பத்து மூன்று. பதினாறு வருடமாகத் தினமும் குடி. முதலில் சாயங்காலம் மட்டும், பிறகு மதியமும், கடைசி மூன்று வருடம் விடியும்போதே. மனைவி பார்வதி கொழுந்து எடுக்கிறவள். அவள் ஒவ்வொரு மாதமும் நான் மருந்து கொடுக்கிற ஜன்னலில் வந்து, இவருக்கு ஒரு வழி பண்ணுங்க ஐயா என்று நிற்பாள்.

எங்கள் பக்கம் குடியை நிறுத்த ஒரு வழி உண்டு, எல்லோருக்கும் தெரியும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடுவது. மாலை கழுத்தில் விழுந்த நிமிடத்திலிருந்து நாற்பத்தொரு நாள் சொட்டு கிடையாது. கூட இருக்கிறவர்களும் வற்புறுத்த மாட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுவதுகூடப் போய், பெண்டாட்டி முதல் எல்லோரும் சாமி என்பார்கள். எனக்கு அந்த நாற்பத்தொன்று என்ற கணக்கு ரொம்பப் பிடித்திருந்தது. செல்வராஜைப் பிடித்து உட்கார வைத்து ஒரு வாரம் பேசினேன். சம்மதித்தார்.

கார்த்திகை முதல் தேதி அந்த வருடம் திங்கட்கிழமை. ஞாயிறு சாயங்காலம் மீதி பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வந்தார். கடைசி வாய் குடித்தார். கடிகாரம் பார்த்தேன், ஆறு நாற்பது. மீதியைச் சாக்கடையில் ஊற்றச் சொன்னேன். ஊற்றுவதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்டார்.

"காலையில மட்டும் ஒரு மூடி போட்டுக்கட்டுங்களா ஐயா? இல்லீன்னா கை நிக்காதுங்க. நாளைக்கு அரை மூடி, அப்புறம் கால்னு கொறைச்சுக்கறனே."

டாக்டரம்மா கேட்கும் இரண்டாவது கேள்விக்குப் பதில், நான் கேட்காமலேயே வந்துவிட்டது. காதில் விழுந்தும் நான் வாங்கிக்கொள்ளவில்லை. மாலைக்கும் மூடிக்கும் ஒத்துவராது, நான் விட்ட மாதிரி விடுங்கள் என்றேன். ஊற்றிவிட்டார். நான் என் பாக்கெட் டைரியில் நாற்பத்தொரு கட்டம் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்குக் கறுப்பு வேட்டியும் மாலையுமாக ஜன்னலில் நின்றார். நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து ஒழுகியிருந்தது. நவம்பர் குளிரில் வேர்வை. கை நடுங்கியது. இரண்டு ராத்திரி தூக்கமில்லை, வாந்தி வருகிறது, தூங்க ஒரு மாத்திரை கொடுங்கள் என்றார். நாடி பார்த்தேன், முழு நிமிடம். நூற்றுப் பன்னிரண்டு.

அன்று செவ்வாய். டாக்டரம்மா பக்கத்து அறையில் இருந்தார். அவருடைய நாற்காலிக்கும் என் ஜன்னலுக்கும் பன்னிரண்டு அடி.

"இதெல்லாம் வரத்தான் செய்யும் சாமி. எனக்கும் வந்துச்சு. மூணு நாள் பல்லைக் கடிச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாத்திரை எதுவும் கொடுக்காததால் பதிவேட்டில் பேரும் எழுதவில்லை. உள்ளே போய்ச் சொன்னால், ஏன் முதலிலேயே என்னிடம் அனுப்பவில்லை என்று அவர் கேட்பார். நாற்பத்தொரு நாள் முடிந்ததும் ஆளைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தலாம் என்று இருந்தேன்.

புதன்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குப் பார்வதி என் குவார்ட்டர்ஸுக்கு ஓடி வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஐயா, சாமிக்குக் கால்ல அட்டை ஏறுதாமுங்க. ஒரு பாக்கெட் உப்பும் தீந்து போச்சு. தேச்சுத் தேச்சுத் தோலே போயிருச்சுங்க. நானும் டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஒரு அட்டை இல்லீங்க."

மழைக்காலத்தில் தேயிலைக் காட்டில் அட்டை ஏறாத கால் கிடையாது. உப்பு வைத்தால் விழுந்துவிடும். இல்லாத அட்டைக்கு எவ்வளவு உப்பு போட்டாலும் விழாது. ஒரு வருடம் முன்பு இன்னொரு நோயாளியைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எனக்கு விளக்கியிருந்தார். தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில், சில சமயம் அதற்குப் பிறகும், வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் புத்தி கலங்கும், இல்லாத பூச்சியும் ஆளும் தெரியும், காய்ச்சல் ஏறும், கவனிக்காவிட்டால் உயிர் போகலாம் என்று. கேட்டுத் தலையாட்டியவன் நான்.

இப்போது எங்கே என்றேன். பஜனைக் கொட்டகையில் என்றாள். விடியற்காலைப் பூஜையில் உடம்பு ஆட ஆரம்பித்ததாம். அருள் வந்துவிட்டது என்று குருசாமி மாரிமுத்து அவரை விளக்குக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாராம். தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்களாம்.

ஆஸ்பத்திரி லேண்ட்லைனை விடத் தண்ணீர்த் தொட்டிப் படி எனக்குப் பக்கம்; செல்போன் சிக்னல் அங்கே மட்டும்தான் கிடைக்கும். பார்வதியை ஜீப் டிரைவரிடம் அனுப்பிவிட்டு ஏறினேன். டாக்டரம்மா ஊட்டியில் வீட்டில் இருந்தார். சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"கடைசியா எப்ப குடிச்சார்?"

"ஞாயிறு சாயங்காலம் ஆறு நாற்பது."

"இவ்வளவு சரியா எப்படித் தெரியும்?"

"நான்தான் டாக்டர் நிறுத்தச் சொன்னேன்."

"அது அப்புறம். ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. கூடலூர் ஆம்புலன்ஸை நான் கூப்பிடறேன். நானும் கிளம்பிட்டேன்."

கொட்டகையில் பதினொரு சாமிகள், சுற்றி நாற்பது ஐம்பது பேர். காலைப் பெரட்டில் நின்று அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போக வேண்டியவர்கள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள். செல்வராஜின் கண் எங்கேயோ பார்த்தது. இரண்டு கையாலும் தொடையிலிருந்து எதையோ பிய்த்துப் பிய்த்து எறிந்தார். காலில் ரத்தம். சரணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டைப் பிடித்தேன். முழு நிமிடம் பார்க்க விடவில்லை. அரை நிமிடத்தில் அறுபத்தொன்பது. உடம்பு கொதித்தது.

குருசாமியிடம், இவரை உடனே கொண்டுபோக வேண்டும் என்றேன். தீபாராதனை முடியட்டும் என்றார். மரியாதையான மனிதர், குரல் உயராது. இது குடியை விட்டதால் வருகிற நோய் என்று அவர் காதோடு சொன்னேன். அவர் முகம் சிவந்தது. மாலை போட்ட சாமியை இந்த இடத்தில் குடிகாரன் என்று பேசக் கூடாது, அது மாலைக்கே அவமரியாதை என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

கூட்டத்தில் ஒருவர், "விட்டதால வியாதின்னா, தெனமும் கடைக்குப் போறவன்தான் ஆரோக்கியமா கம்பவுண்டரே?" என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். என் பின்னால் யாரோ, ஒரு மூடி ஊத்தினால் நின்றுவிடும் என்று முணுமுணுத்தார். புத்தி கலங்கி இருக்கிறவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக் குழாயில் போய்விடும். அதை விளக்க நேரமில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் அந்த மக்களுக்கு நடுவே, கம்பவுண்டர் சொன்னால் தப்பாது என்று பேர் வாங்கியிருந்தேன். அதை விட்டால்தான் இவரை எடுக்க முடியும் என்று தெரிந்தது.

"குருசாமி, இவர் குடிச்சுட்டு மாலை போடலீங்க. சாமி மேல பயந்து, சுத்தமா விட்டுட்டுத்தான் போட்டார். அவர் பண்ணினது எதுவும் தப்பில்லை. கொறைச்சுக் கொறைச்சு விடறேன்னு கேட்டார். நான்தான் ஒரே நாள்ல விடச் சொன்னேன். நேத்து நடுங்கிட்டு வந்தப்ப டாக்டர்கிட்ட காட்டாம திருப்பி அனுப்பினதும் நான்தான். இது அருள் இல்லீங்க. என் தப்பு."

சரணம் நின்றுவிட்டது. குருசாமி என்னைப் பார்த்தார், செல்வராஜைப் பார்த்தார். அதற்குள் செல்வராஜின் முதுகு வில்லாக வளைந்து, ஆள் அப்படியே விழுந்தார். வலிப்பு.

யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்தார்கள். தட்டிவிட்டேன். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் என் ஸ்வெட்டரைச் சுருட்டி வைத்தேன். வாயில் எதுவும் வைக்கவில்லை. எண்ணினேன். எழுபத்தைந்து விநாடியில் வலிப்பு நின்றது. காலைத் தூக்குவதற்குக் குனிந்தபோது, எதிரே அவர் தோளைப் பிடித்திருந்தது குருசாமியின் கை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போட நரம்பு தேடினாள். நான் அவசரத்தில் குளுக்கோஸ் பாட்டிலை எடுத்து மாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரி லேண்ட்லைனில் டாக்டரம்மா, ஓடும் காரிலிருந்து, "முதல்ல தயமின் போட்டாச்சா?" என்றார். நீண்ட நாள் குடித்த உடம்பில் அந்த வைட்டமின் இருக்காது; அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம். பாட்டிலைக் கழற்றினேன். தயமின், பிறகு அவர் சொன்ன அளவில் நடுக்கத்துக்கான ஊசி, கடிகாரம் பார்த்து மெதுவாக. அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ். ஊசியின் மயக்கத்தில் மூச்சு குறைந்துவிடக் கூடாது என்று நிமிடத்துக்கு நிமிடம் மூச்சை எண்ணச் சொன்னார். எண்ணினேன். இருபத்தெட்டு. இருபத்தாறு. இருபத்தேழு. பார்வதி சுவரோரமாக நின்று என் உதட்டையே பார்த்தாள். ஐம்பத்திரண்டு நிமிடம் அப்படி எண்ணினேன். அதற்குள் அவர் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்து அட்டை பிய்த்தார். மூன்றாவது முறை எழவில்லை. எண்ணிக்கை இருபது. ஆம்புலன்ஸும் டாக்டரம்மாவின் காரும் முன்னும் பின்னுமாக வந்தன.

அவரை ஏற்றி அனுப்பிய பிறகு டாக்டரம்மா கை கழுவினார். "நேத்து வந்தாரா?" என்றார். பதிவேட்டில் பேர் இல்லை. வந்தார் என்றேன். நாடி? நூற்றுப் பன்னிரண்டு. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்து பேனாவை என் பக்கம் தள்ளினார். நாற்பத்தாறாவது பேருக்குக் கீழே நாற்பத்தேழாவதாக எழுதினேன். அவர் அப்போதும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வருடத்திலிருந்து குருசாமி மாரிமுத்து ஐப்பசி பிறந்ததும் மாலை போடப் போகிறவர்களின் பேரை ஒரு தாளில் எழுதி எடுத்து வருவார். காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்கிற ஆட்களுக்கு நேராகச் சின்னப் புள்ளி வைத்திருப்பார். அவர்களை டாக்டரம்மா முன்கூட்டியே பார்த்து, மாத்திரை கொடுத்து, ஒரு வாரத்தில் படிப்படியாக மாத்திரையையும் குறைத்து நிறுத்துவார். சிலரைக் கூடலூரில் படுக்க வைத்தார். எல்லோரும் விட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். மகரஜோதி முடிந்து மாலையைக் கழற்றிய கையோடு கடைக்குப் போனவர்களும் உண்டு. அவர்களும் திரும்ப ஜன்னலுக்கு வந்தார்கள். ஆனால் விடப் போய் யாரும் வலிப்பில் விழவில்லை.

புகை பிடிக்கிறவர்கள் தைரியமாக ஒரு நாளைக் குறித்து அன்றோடு விடலாம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும். சமாளிக்க நிகோடின் சூயிங்கமும் மாத்திரையும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர்கள், காலையில் கை நடுங்குகிறவர்கள் தாமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. முதலில் டாக்டரிடம் வர வேண்டும். போஸ்டரில் இந்த இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். கவிதாவுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான்.

செல்வராஜுக்குப் புத்தி தெளிந்தது ஆறாவது நாள், திங்கட்கிழமை. நான் கூடலூருக்கு பஸ்ஸில் போயிருந்தேன். ஐந்தாவது முறை. கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. குருசாமி வந்து, கழற்ற வேண்டாம் என்று டாக்டர்களிடம் கேட்டு வைத்துவிட்டுப் போனாராம். கொட்டகையோ அட்டையோ எதுவும் செல்வராஜுக்கு நினைவில்லை. பார்வதியும் சொல்லியிருக்கவில்லை. அவள் தலை குனிந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க ஐயா, நீங்க சொன்னபடிதானே விட்டேன். அப்புறம் எனக்கு ஏன் இப்படி ஆச்சு?"

பார்வதி உரிப்பதை நிறுத்தினாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன் செல்வராஜ்" என்றேன். சாமி என்று சொல்ல மறந்துபோனேன்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப சரியாச் சொல்லுங்க. எப்படித்தான் விடறது?"

வாய் வரை வந்தது. ஒரு வாரம் அவரிடம் பேசிய அத்தனையும் வந்தது. விழுங்கினேன். டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்த சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அதில் எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். என் பங்குக்கு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.